கழனிக்குள் செருப்பு

பெரிய கேட்டைத் தாண்டி காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் பாதி தூரம் நடந்த பிறகுதான், தோட்டத்துக் குழாயின் பித்தளை முனை இன்னும் என் சட்டைப் பையிலேயே இருப்பது தெரிந்தது. வேலையை விட்டுப் போகும்போதெல்லாம் எதையாவது மறந்து எடுத்துக்கொண்டு போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அம்பத்தூர் லேத் பட்டறையிலிருந்து ஒரு ஸ்பேனர், பட்டாபிராம் டீக்கடையிலிருந்து ஒரு வடிகட்டி. திரும்பிப் போய்க் கொடுக்கக் கால் வரவில்லை. சுவர் மேல் வைத்துவிட்டு நடந்தேன். யாராவது பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

திருமழிசையிலிருந்து குத்தம்பாக்கம் போகும் பக்கத்தில் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகள் அவை. அங்கே நான் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற ஆள். நடுவில் பெரிய புல்தரை. விடிந்ததும் குடியிருப்பவர்கள் வந்து செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு அதில் நடப்பார்கள். ரத்த அழுத்தம் குறையுமாம், கண் தெளியுமாம். போனில் யாரோ பேசிய வீடியோ. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, அவரவர் கால். ஆனால் அன்றைக்கு, புல்லில் செருப்போடு இறங்கக் கூடாது என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் பையன் வந்து அதைக் காட்டினான்.

"அண்ணாத்தே, இனிமே நீயும் செருப்ப கயட்டிட்டு எறங்கு. புல்லு அமுங்குதாம். மீட்டிங்ல கத்துறாங்க."

"தண்ணி வுடறவனுக்குமா?"

"எல்லாருக்கும்தான். இன்னா இப்போ, முள்ளா குத்தப் போவுது?"

அந்த வீடுகளில் குளித்தது, துவைத்தது, கழித்தது எல்லாவற்றையும் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீரைத்தான் புல்லுக்கு விடுவது. இயந்திரம் ஒழுங்காக ஓடுகிற நாளில் வாசனை எதுவும் வராது. ஓடாத நாளில், நனைந்த கோணிச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாசனை வரும். அன்றைக்கு வந்தது. செருப்பைக் கழற்றி ஒரு காலைப் புல்லில் வைத்தேன். விரலிடுக்கில் ஈரம் ஏறியது. காலை எடுத்துச் செருப்புக்குள் விட்டுக்கொண்டு, குழாயை மூடினேன். அவ்வளவுதான்.

இதற்குப் போய் ஒருவன் வேலையை விடுவானா என்று கேட்பீர்கள். இதைவிடச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் விட்டிருக்கிறேன். மிளகாய் நெடியில் ஒரு முதலாளி என் முகத்தில் தும்மினார் என்பதற்காகக்கூட ஒரு முறை. ஆனால் இந்த வாசனை எனக்குப் பழையது. அந்தப் புல்லுக்கு அடியில் ஏகாம்பரம் அண்ணாத்தேயின் கீரைக் கழனி இருக்கிறது. ஓரத்தில் நிற்கிற புங்க மரம் அதே மரம்தான். இப்போது அதன் மேல் தகரத்தில் எண் எழுதி ஆணி அடித்திருக்கிறார்கள். அந்த மரத்தடியில்தான் அன்றைக்கும் எல்லாரும் செருப்பைக் கழற்றி வைப்போம்.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பஸ்ஸில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தவன், வெளியே பச்சைப் பசேலென்று பாத்திகளையும் அதில் குனிந்திருந்த ஆட்களையும் பார்த்து இறங்கிவிட்டேன். ஆள் வேண்டுமா என்று கேட்டேன். ஏகாம்பரம் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கால் வந்ததும் நின்றார்.

"முதல்ல செருப்ப கயட்டு, நைனா. அப்புறம் வேலைய கேளு."

அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பம். நெல்லை விட்டுக் கீரைக்கு மாறியவர். கழனியில் இறங்குவதற்கு முன்னால் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எருவை மிதிப்பார், பூச்சிமருந்து தெளிப்பார், வரப்பில் உட்கார்ந்து யாரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவார். செருப்புக் கால் மட்டும் உள்ளே வரக் கூடாது. "அது தாயி. தாயி மார்ல செருப்பு கால வெப்பியா நீ?" என்பார். நானும் மோட்டார் கொட்டகையில் படுக்க இடம் கிடைத்த சந்தோஷத்தில் செருப்பை மறந்துவிட்டேன்.

கீரை வேலை விடிவதற்குள் முடிய வேண்டிய வேலை. முளைக்கீரையை வேரோடு பிடுங்கி, சேற்றை உதறி, வாய்க்காலில் அலசி, வாழை நாரால் கட்டுக் கட்டி, ஈரச் சாக்கில் அடுக்கினால் அவர் மொபெட்டில் கட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிடுவார். வாய்க்காலில் வருவது மேலே இருக்கிற தெருக்களின் தண்ணீர். சாக்கடை என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், ஊர்த் தண்ணி என்பார்கள். கீரை அதில் நன்றாகத் தழைக்கும். பக்கத்திலேயே சீமைக் கருவேலம் புதர். காலைக் கடனுக்கு எல்லாரும் அங்கேதான். ஏகாம்பரம் வீட்டில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த கக்கூஸ் இருந்தது. அதற்குள் யூரியா மூட்டையும் கீரை விதையும் இருந்தன. நல்ல காற்றுப் புகாத அறை என்று அவருக்கு அதில் பெருமை. மழை பெய்தால் புதரில் இருப்பதெல்லாம் கரைந்து பாத்திக்கு வந்து சேரும். அதை யாரும் யோசித்ததில்லை. மழை பெய்தால் கீரைக்கு நல்லது, அவ்வளவுதான் கணக்கு.

கால் விரலிடுக்கு அரிக்கும். சேற்றுப்புண் என்று மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசிக்கொள்வோம். அரிப்பு அடங்கிவிடும். அடங்கினால் போயிற்று என்று அர்த்தம் எடுத்துக்கொள்வோம்.

எங்களோடு பரிமளாவும் கீரை பிடுங்குவாள். ஏகாம்பரத்தின் ஒரே மகள், ஆறாவது படித்தாள். ஏகாம்பரத்தை நான் அண்ணாத்தே என்றதால் அவள் என்னைச் சித்தப்பா என்றாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் என்னை உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. விடிந்ததும் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, அப்படியே சீருடையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். ஓடுவாள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். நடப்பாள். வரப்பு முடிவதற்குள் ஒரு முறை நின்று மூச்சு வாங்குவாள். முகம் லேசாக வீங்கினாற்போல் இருக்கும். உள்ளங்கை வெளுத்திருக்கும். வரப்பு மண்ணை விரலால் கிள்ளி, யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொள்வாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால், "நல்லா கீது சித்தப்பா, மழ வாசன" என்பாள்.

எனக்கு அது புதிதில்லை. ஆவடிப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பலப்பம் தின்னாத பிள்ளை கிடையாது. எழுதுவதைவிடத் தின்றதுதான் அதிகம். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் எங்கள் நகக்குறி இருக்கும். ஒரு நாள் காலை வணக்கத்தின்போது மணி என்ற பையன் வாந்தி எடுத்தான். அதில் மண்புழு போல ஒன்று நெளிந்தது. அன்றிலிருந்து அவன் பெயர் புழு மணி. எங்கள் வயிற்றிலும் அதுதான் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்கள். அந்த எண்ணெய் வாசனை இன்றைக்கும் தெருவில் எங்காவது வந்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். மற்றபடி நான் வகுப்பில் செய்த ஒரே காரியம் தூங்கியதுதான். தூங்குமூஞ்சி என்றுதான் வாத்தியார் கூப்பிடுவார். பெயர் பதிவேட்டில் இருந்ததோடு சரி. ஏழாவதில் ஒரு மத்தியானம் எழுந்து வெளியே வந்தேன், திரும்பிப் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை. மக்கு ஒருவன் குறைந்தான் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பரிமளாவும் வகுப்பில் தூங்கினாள். சத்துணவு சாப்பிட்டதும் தலை தொங்கிவிடுமாம். டீச்சர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"காலாண்டு பரீட்சை முடியட்டும். ஆயுத பூஜை லீவு வுடுவாங்கல்ல, அதோட நிறுத்திடலாம்னு கீறேன். தூங்கறதுக்கு எதுக்கு ஸ்கூலு? இங்க வந்து ரெண்டு பாத்தி புடுங்கட்டும்."

அவர் மனைவி சுலோச்சனா அண்ணி. அதிகம் பேச மாட்டாள். கட்டிக்கொண்டிருந்த கட்டை இன்னும் இறுக்கிக் கட்டினாள். வாழை நார் அறுந்தது.

அண்ணிக்கு மகளின் வயிற்றில் பூச்சி இருப்பது தெரியும். அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் செய்துகொண்டுதான் இருந்தாள். பூச்சி இனிப்பால் வருகிறது என்பது அவள் நம்பிக்கை. அதனால் பரிமளாவுக்கு வெல்லம் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, பொங்கலுக்குக் கரும்புகூட மோந்து பார்க்கத்தான். வாரம் தவறாமல் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்க வைப்பாள். பள்ளிக்கூடத்தில் குடல்புழு மாத்திரை கொடுக்கிற நாள் வந்தது. மென்று தின்கிற மாத்திரை. பரிமளா வீட்டுக்கு வந்து, அது மிட்டாய் மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டாள்.

"இனிப்பாவா இருந்துச்சு?" என்றாள் அண்ணி.

"ஆமாம்மா. ஆரஞ்சு மிட்டாய் மாதிரி."

"பூச்சிக்கு இனிப்ப குடுத்தா அது வளராம இன்னா பண்ணும்? மருந்துன்னா கசக்க வாணாமா?" என்று சொல்லி, அன்றைக்கு வேப்பங்கொழுந்து ஒரு உருண்டை அதிகமாகக் கொடுத்தாள். பரிமளா கண்ணில் தண்ணீர் வர விழுங்கினாள். நான் சிரித்தேன். அண்ணி எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா நர்சம்மா வந்தார். மாத்திரை கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர் பரிமளாவின் கண் இமையை இழுத்துப் பார்த்திருக்கிறார், ரத்தமும் எடுத்திருக்கிறார். ஸ்கூட்டியைப் புங்க மரத்தடியில் நிறுத்திவிட்டு, வரிசையாகக் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வரப்பில் செருப்போடு ஒரு அடி வைத்தார்.

"அம்மா, அங்கியே நில்லு. செருப்பு," என்றார் ஏகாம்பரம்.

நர்சம்மா அங்கேயே நின்றார். "ஐயா, உங்க பொண்ணு வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்திரை சாப்பிடுது. அப்பவும் உடம்புல ரத்தமே இல்ல. கொக்கிப்புழு. குடல்ல கடிச்சிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சுது."

"கவருமெண்டு மாத்திர, வேற எப்டி இருக்கும்?"

"மாத்திரை உள்ள இருக்கறத கொல்லும். புதுசா ஏறி வர்றத அது எப்படித் தடுக்கும்? இது வாய் வழியா வர்றதில்ல. கால் வழியா வருது. சேத்துல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெறுங்கால்ல நின்னா தோல துளைச்சிக்கிட்டு உள்ள போயிடும்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"கால்ல பூந்து, முட்டி ஏறி, தொட ஏறி, வயித்துக்கு வழி கேட்டுக்கினு போவுதாம்மா?"

நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்புதான் வருகிறது, அவர் சொன்ன விதம் அப்படி. நர்சம்மாவுக்கும் உதட்டோரத்தில் கொஞ்சம் வந்தது. ஆனால் விடவில்லை.

"வழி கேக்காமலே போகும் ஐயா. பொண்ணு கழனியில இறங்கறதா இருந்தா கால மூடிக்கிட்டு இறங்கணும். இல்ல, இறங்கவே கூடாது. அது வகுப்புல தூங்கல. ரத்தம் இல்லாம மயங்கிக் கெடக்குது."

"அவ எறங்காட்டி கீரைய யாரு புடுங்குறது? செருப்போட எறங்குறதுன்றது இந்த கழனில நடக்காது. எங்கப்பன் எறங்கல, அவங்கப்பன் எறங்கல. அவங்கல்லாம் வாழல?"

நர்சம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். களைத்துப் போன முகம். அன்றைக்கு இன்னும் எத்தனை வீட்டுக்குப் போக வேண்டுமோ. கிளம்பும்போது, ஸ்கூட்டியைத் திருப்ப உதவிய என்னைப் பார்த்தார்.

"தம்பி, இப்படி வா. மேல பாரு." இமையைக் கீழே இழுத்தார். "உனக்கும்தான். சின்ன வயசுல இருந்தே தூக்கம் தூக்கமா வருமா?"

"வரும்."

"மண்ணு, சுண்ணாம்பு எதையாவது திம்பியா?"

"பலப்பம்," என்றேன்.

"எது வரைக்கும் படிச்ச?"

"ஏழு."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கிளம்பிவிட்டார். அவருக்கு அது ஒரு சாதாரண விசாரிப்பு. நான் மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் மேல் கோபம் வரவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. மாத்திரையை மென்றேன். ஆரஞ்சு மிட்டாய் மாதிரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி மோட்டார் கொட்டகைக்கு வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஏம்பா, முட்டி வரைக்கும் கருப்பா போட்டுக்குவாங்களே, அது பேரு இன்னா?"

"கம்பூட்ஸ்."

"அது பொண்ணு காலுக்கு கெடைக்குமா?"

"அண்ணாத்தே வுட மாட்டாரே அண்ணி."

"கெடைக்குமான்னு கேட்டேன்."

பூந்தமல்லியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். குழந்தைகளுக்குக் கம்பூட்ஸ் வைத்திருக்கிற கடை ஒன்றும் இல்லை. ஒரு கடைக்காரர் சிரித்தார். "சின்ன புள்ளைக்கு எதுக்குபா கம்பூட்ஸ்? செப்டிக் டாங்குல எறக்கப் போறியா?" கீரை பிடுங்க என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார். பெரியவர்களுக்கானதில் இருப்பதிலேயே சின்னதை வாங்கி, சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். அண்ணி பழைய புடவையைக் கிழித்து அதன் முன்பக்கத்தில் திணித்தாள். பிறகு அதை விதை மூட்டைக்குப் பின்னால், அந்தக் கக்கூஸுக்குள் வைத்துப் பூட்டினாள். என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டேன். "பூஜ வரட்டும்" என்றாள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. பரிமளா கணக்கில் தூங்கிவிட்டாள் என்று அவளே வந்து சொன்னாள். பையைக் கழற்றி மாட்டிய விதத்திலேயே, அதை இனி எடுக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பென்சில் பெட்டியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜை அன்றைக்கு மோட்டார் கொட்டகையைக் கழுவி விட்டோம். ஏகாம்பரம் பூசணிக்காயும் பொரியும் வாங்க பஸ்ஸில் சந்தைக்குப் போயிருந்தார். அண்ணி மோட்டாருக்கு மாலை போட்டாள். மொபெட்டைத் துடைத்து நிறுத்தினாள். மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், மருந்து தெளிக்கிற டாங்கு, எல்லாவற்றையும் வாழை இலை மேல் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். கடைசியில் கக்கூஸின் பூட்டைத் திறந்து அந்தப் பூட்ஸை எடுத்து வந்தாள். மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். களைக்கொத்துக்கும் அரிவாளுக்கும் நடுவில் வைத்தாள். இரண்டின் நுனியிலும் பெரிய பொட்டு. வாயில் ஆளுக்கொரு சாமந்தி. நான் வாசலுக்குப் போய் அண்ணாத்தே வருகிறாரா என்று பார்த்தேன்.

ஏகாம்பரம் வந்தார். பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாடி இது?"

"ஆயுதம்," என்றாள் அண்ணி.

"செருப்ப கொண்டாந்து சாமி முன்னால வெச்சிட்டு ஆயுதம்ன்றியா?"

"தெருவுல ஒரு அடி வெச்சதில்ல அது. கடையில வாங்கி, மஞ்ச தண்ணில கழுவி, நேரா இங்கதான் வந்து கீது. மண்வெட்டி சேத்துல எறங்குதில்ல? அந்த டாங்குல வெசத்த ஊத்தி முதுவுல மாட்டிக்கினு தாயி மேலதான தெளிக்கிற? அதுக்கு பொட்டு வெக்கல? இதுவும் கழனில எறங்கற சாமான்தான். கழனிக்கு மட்டுந்தான். வெளிய போவாது."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஏகாம்பரமும் கேட்டிருக்க மாட்டார் போல. என் பக்கம் திரும்பினார்.

"நீதான் வாங்கியாந்தியா?"

"ஆமா, அண்ணாத்தே."

"தோலா?"

"இல்ல, ரப்பரு."

"தோலு கொஞ்சங்கூட இல்ல?"

"இல்ல. டயரு மாதிரி."

மொபெட்டின் டயரைப் பார்த்தார். அதற்கும் பொட்டு இருந்தது. பரிமளா கதவோரத்தில் பென்சில் பெட்டியோடு நின்றிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் அவள் அங்கே நிற்பது தெரியும். அவர் தட்டை எடுத்துக் கற்பூரம் ஏற்றினார். மோட்டாருக்குக் காட்டினார். மொபெட்டுக்கு, மண்வெட்டிக்கு, களைக்கொத்துக்கு. அடுத்தது அதுதான். கை நின்றது. வரிசையில் பொட்டோடும் பூவோடும் இருப்பதை விட்டுத் தாண்டுவது எப்படி? அது பூஜையைக் குறையாக விடுவது. தட்டு சூடேறி அவர் விரல் மாறியது. பிறகு கை சுற்றியது. ஒரு சுற்று. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூசணிக்காயை உடைத்துவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "தை வரைக்கும் பாப்போம். அப்பவும் தூங்குனா நிறுத்திடுவேன்."

விடுமுறை முடிவதற்குள்ளேயே பரிமளா அதைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவளும் குனிந்து மண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இறங்கினாள். இரண்டாவது பாத்தியில் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ள, கால் மட்டும் வெளியே வந்துவிட்டது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றாள்.

"ஆயுதத்த சேத்துல வுட்டுட்டு வராதடி," என்றார் ஏகாம்பரம். நான் போய் அதைப் பிடுங்கிக் கொடுத்தேன். கீரையைவிடக் கஷ்டமாக வந்தது.

நர்சம்மா வந்து பரிமளாவுக்கும் எனக்கும் மறுபடி மாத்திரையும், ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். இரும்பு மாத்திரை வாயில் துருப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று பரிமளா சொன்னதும் அண்ணிக்கு அதன் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு நாள்கூடத் தவற விடவில்லை. கார்த்திகை, மார்கழி என்று போகப் போக, வரப்பில் நின்று மூச்சு வாங்குவது குறைந்தது. மண் கிள்ளுவது நின்றது. தை பிறந்ததும் டீச்சர் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். ஏகாம்பரம் போய்விட்டு வந்து மொபெட்டை நிறுத்தினார்.

"தூங்குறாளாமா?" என்றாள் அண்ணி, முகம் இறுகிப் போய்.

"இல்ல. வாய் ஓயலையாம். பக்கத்துல கீற புள்ளைங்கள படிக்க வுட மாட்றாளாம்." பீடியைத் தேடினார். "தூங்கிக்கினு இருந்தப்பவே தேவலாம்."

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தை நிறுத்துகிற பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆனால் அவர் மட்டும் கடைசி வரை வெறுங்காலோடுதான் இறங்கினார். அண்ணியும்தான். மகளுக்கு விட்டுக்கொடுத்ததைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவில்லை. கக்கூஸில் யூரியா அப்படியே இருந்தது. நானும் சொல்லவில்லை. எதையும் சொல்லித் திருத்துகிற ஆள் இல்லை நான்.

என் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. எனக்கும் தூக்கம் தெளிந்தது. மத்தியானம் படுத்தால் கண் மூடவில்லை. தெளிந்த கண்ணை வைத்துக்கொண்டு போக எனக்கு வகுப்பு எதுவும் இல்லை. பரிமளா வரப்பில் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிப்பாள். நான் பாத்திக்குள் நின்று கேட்பேன். சிலது புரியும். புரிந்தபோதுதான் கஷ்டமாக இருந்தது. பொங்கல் கழிந்து ஒரு நாள் சாக்கை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு என் பையில் மறந்து வந்தது ஒரு பிடி வாழை நார்.

வெகு நாள் கழித்து நெமிலிச்சேரி ஸ்டேஷனில் அண்ணியைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். கழனியைக் கொடுத்தாயிற்று என்றாள். சுற்றிலும் எல்லாரும் கொடுத்த பிறகு தண்ணீர் வரவில்லையாம். அண்ணாத்தே போய்விட்டார். கடைசியில் கொஞ்சம் நடந்தாலும் உட்கார்ந்துவிடுவாராம். முகம் வெளுத்திருந்ததாம். "டாக்டரு ரத்தம் இல்லன்னாரு. எனக்கு எதனாலன்னு தெரியும்," என்றாள். பரிமளா கல்லூரி முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். ஷூ போட்டுக்கொண்டு போகிறாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணி சிரித்தாள்.

"மண்வெட்டி, மோட்டாரு எல்லாம் எடைக்கு போட்டாச்சு. அந்த பூட்ஸ எவனும் எடைக்கு எடுக்கல. வருசா வருசம் அதுக்கு மட்டும் பொட்டு வெச்சிக்கினு கீறேன்."

ரயில் வந்துவிட்டது.

புல்லுக்குத் தண்ணீர் விடுகிற வேலையை விட்டு அந்தக் காம்பவுண்டுச் சுவரோரமாக நடந்து வரும்போது, பரிமளா படித்த பள்ளிக்கூடத்தையும் தாண்டினேன். புதுக் கட்டிடம், சுவரில் கை கழுவுகிற பிள்ளைகளின் படம். மாத்திரை இன்னும் கொடுக்கிறார்கள். வாய்க்கால் இல்லை, மேலே சிமெண்டு மூடி போட்டு அதன் மேல் வண்டி நிறுத்துகிறார்கள். கருவேலம் புதர் இல்லை. கீரை எங்கிருந்தோ பிளாஸ்டிக் பையில் வருகிறது. மண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குகிறவர் இல்லை, இறங்க மண்ணும் இல்லை. வெறுங்காலும் அந்த வாசனையும் மட்டும் அதே இடத்தில் இருந்தன. அன்றிரவு திருமழிசையில் தெரிந்தவன் அறையில் படுத்தேன். கால் விரலிடுக்கைத் தடவித் தடவிப் பார்த்தேன். அரிப்பு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை பக்கத்திலிருந்த ஒரு குடோனுக்குப் போனேன். பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. மேஜையில் இருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை.

"கால் சைஸ் இன்னா?" என்றார்.

"எட்டு."

கீழே குனிந்து ஒரு ஜோடி கருப்புப் பூட்ஸை எடுத்து மேஜை மேல் வைத்தார். நுனியைப் பார்த்தேன், பொட்டு இல்லை. கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.